கொடி தைக்கும் வீட்டில்

அக்டோபர் 30, வியாழன்

பெட்டி கட்டியாகிவிட்டது. பிரித்தும் ஆகிவிட்டது. பட்டுப்புடவையை வைப்பதா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். வைத்தால், கல்யாணத்துக்குத் தயாராக வந்து இறங்கியவள் மாதிரி இருக்கும். வைக்காமல் போய், அங்கே தேவைப்பட்டுவிட்டால்? அறுபத்தொரு வயதில் இப்படி ஒரு யோசனை! வைத்துவிட்டேன். அடியில், துண்டுகளுக்குக் கீழே.

தம்பி ஃபோன் செய்தான். "நல்லா யோசிச்சுதான் போறியா அக்கா? இந்த வயசுல இதெல்லாம் தேவையா? ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் எனக்கு ஒரு நாளாவது காப்பி போட்டுக் குடுத்திருக்கா?" என்றேன்.

"நக்கலுக்கு மட்டும் குறைச்சல் இல்ல" என்று வைத்துவிட்டான்.

இதை எல்லாம் எழுதி வைத்துக்கொள்கிறேன். பின்னால் எனக்கே நம்பிக்கை வராமல் போகலாம். அவர், என்னோடு வேலை பார்த்த கணக்கு டீச்சரின் அண்ணன். கடல் தாண்டிப் போய்க் கொடி தைக்கும் பட்டறை வைத்திருக்கும் குடும்பம். அவர் அப்பா தொடங்கியது. மனைவி இறந்து நெடுநாளாகிறது. தங்கையின் பணி ஓய்வு விழாவுக்கு வந்தவர், நான் மேடையில் பேசியதைக் கேட்டுவிட்டு, "டீச்சர், நீங்க பேசினா ஊசில நூல் தானா கோத்துக்கும் போல இருக்கே" என்றார். அன்றிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு அவரிடமிருந்து ஃபோன். பேசுவது முக்கால்வாசி நான். கேட்பது அவர்.

போன மாதம் கேட்டார். "எங்க நாட்டுச் சுதந்திர மாசம் வருது. ஒரு மாசம் வந்து இருங்க. வீட்டைப் பாருங்க, மனுஷங்களைப் பாருங்க. மகன்தான் கொஞ்சம் தயங்குறான். நேர்ல பாத்தா சரியாயிடுவான். அப்புறம் நீங்க திரும்பிப் போக வேண்டிய அவசியமே இருக்காது."

திரும்பிப் போக வேண்டிய அவசியமே இருக்காது. எத்தனை தடவை இதைச் சொல்லிப் பார்த்துவிட்டேன்!

நவம்பர் 2, ஞாயிறு

வந்து சேர்ந்தேன். விமான நிலையத்திலிருந்தே கொடிகள். பாலத்தில், பேருந்து முகப்பில், சலூன் கண்ணாடியில், ஒரு நாயின் கழுத்துப்பட்டையில்கூட. நீலம், மஞ்சள், நடுவில் ஒரு வெள்ளை வளையம். "இதுல பாதி நம்ம பட்டறைல தெச்சது" என்று கார் ஓட்டிக்கொண்டே மகன் சொன்னான். தயங்குகிற பிள்ளையாகத் தெரியவில்லை. என் பெட்டியை யாரையும் தொடவிடவில்லை.

கீழே பட்டறை, மேலே வீடு. நூல்கண்டு வைக்கும் அறையை ஒழித்து எனக்குக் கட்டில் போட்டிருக்கிறார்கள். தைக்கும் பெண்களிடம் அவர் என்னை அறிமுகம் செய்தார்: "என் தங்கச்சியோட சிநேகிதி. நம்ம சுதந்திர தினத்தைப் பாக்க வந்திருக்காங்க."

சிநேகிதிதான். பொய்யில்லை. இருந்தாலும் செருப்புக்குள் மணல் புகுந்தது போல உறுத்தியது.

தனியாக இருந்தபோது கேட்டேன், மகனிடம் பேசிவிட்டீர்களா என்று.

"இது கொடி மாசம் டீச்சர். இந்த வீட்டுல கொடி மாசத்துல வீட்டு விஷயம் பேசறதில்ல. எங்கப்பா காலத்துல ஒரு தடவை சொத்துப் பேச்சு எடுத்தாங்க. அந்தக் கோவத்துல ஒரு பள்ளிக்கூடத்துக்கே கொடியத் தலைகீழாத் தெச்சு அனுப்பிட்டாங்க. அன்னிலேருந்து இதுதான் சட்டம். இருபதாம் தேதி சுதந்திர தினம் போகட்டும்."

சிரித்துவிட்டேன். நியாயமாகத்தான் இருக்கிறது. தேர்வு நேரத்தில் நான்கூடப் பள்ளியில் சுற்றுலாப் பேச்சை எடுக்கவிட மாட்டேன்.

நவம்பர் 4, செவ்வாய்

நான்கு மணி மழையில் நனைந்து பார்த்தேன்!

பணியில் இருந்த காலமெல்லாம் நடத்திய பாடம். பூமத்திய ரேகைப் பக்கம் காலையில் வெயில், பிற்பகலில் மேகம், நான்கு மணிக்கு மழை. கரும்பலகையில் மேலே போகும் அம்புக்குறி, கீழே வரும் அம்புக்குறி. இன்று அந்தக் கீழே வரும் அம்புக்குறி என் தலையிலேயே விழுந்தது. மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனவள் துணியோடு நனைந்து இறங்கினேன்.

பட்டறைப் பெண்கள் சிரித்தார்கள். மழை ஏன் தினமும் ஒரே நேரத்தில் வருகிறது என்று அவர்களுக்குச் சொல்லத் தொடங்கினேன். "அடுப்புல தண்ணி கொதிக்குதுன்னு வெச்சுக்கோங்க..."

"மேல மூடியில வேர்த்து, மூடி தாங்காம சொட்டும். அதானே டீச்சர்?" என்றாள் பட்டன் அக்கா. தலைமைத் தையல்காரி. குட்டையாக, உருண்டையாக இருப்பதால் அந்தப் பெயர், அவளே சொன்னாள். நான் சொல்வதற்கு முன்பே உதாரணத்தை முடித்துவிட்டாளே! மற்றவர்கள் ஏனோ இன்னும் பலமாகச் சிரித்தார்கள். இவள் என் வகுப்பில் இருந்திருந்தால் முதல் பெஞ்சு.

நவம்பர் 5, புதன்

கொடி தைப்பதில் எனக்குத் தெரியாதது எவ்வளவு! கம்பத்துப் பக்கம் கெட்டித் துணிப் பட்டை. எதிர்ப் பக்கம் காற்றில் அடிபட்டு முதலில் கிழிவது, அதனால் அங்கே இரட்டை மடிப்பு. என்னைப் பிசிறு வெட்டும் வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். அவர் வந்து என் கையைப் பார்த்தார், "நல்லா வருது" என்றார், போய்விட்டார்.

அவ்வளவுதானா பேச்சு? வேலை நெருக்கடி. தெருவுக்குத் தெரு கொடி கேட்கிறார்கள்.

நவம்பர் 7, வெள்ளி

மதியம் சாப்பாட்டு மேஜையில் ஒரு சின்ன விஷயம். மருமகள் சோறு வைத்துக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க அத்தை" என்றாள்.

அத்தை. டீச்சர் இல்லை, அம்மா இல்லை. மாமியாரை அழைக்கிற அத்தை.

சொன்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மகன் தட்டைப் பார்த்துச் சிரித்தான். எனக்கு முகமெல்லாம் சுட்டது. அவரைப் பார்த்தேன். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். குழாய்த் தண்ணீர் நீண்ட நேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

வெட்கமாக இருக்கும். ஆண்களுக்கு இந்த வயதில் வெட்கம் அதிகம்.

நவம்பர் 10, திங்கள்

நனைந்ததன் பலன் மெதுவாக வந்தது. சளி, லேசான காய்ச்சல். மருமகள் கீழே இறங்கவே கூடாது என்று சொல்லிவிட்டாள். கட்டிலில் படுத்திருந்தேன், சுற்றிலும் நீலமும் மஞ்சளுமாக நூல்கண்டுகள். தெருவில் அணிவகுப்புக்கு ஒத்திகை பார்க்கும் முரசுச் சத்தம்.

ஃபோன் அடித்தது. அவர்! கீழேயிருந்து!

"டீச்சர், ஏதாவது சொல்லுங்களேன். கை சும்மா மிஷினை ஓட்டிட்டிருக்கு."

பழைய குரல். பழைய சிரிப்பு. நான் படித்த காலத்தில் உலக உருண்டையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வகுப்புக்கு வந்த பையன் கதையைச் சொன்னேன். அவர் சிரித்தது ஃபோனிலும் கேட்டது, மாடிப்படி வழியாகவும் கேட்டது. ஒரே சிரிப்பு இரண்டு தடவை. வந்ததிலிருந்து இவ்வளவு பேசவே இல்லை நாங்கள். எனக்குக் காய்ச்சல் இறங்கியே விட்டது.

மாலை மாடிக்கு வந்து வாசலில் நின்று, "பரவாயில்லையா?" என்றார். நாற்காலியைக் காட்டினேன். "வேலை கெடக்கு" என்று இறங்கிவிட்டார்.

நவம்பர் 12, புதன்

ஃபோனில் அவ்வளவு பேசியவர் எதிரில் இருந்தால் ஏன் பேசுவதில்லை? இந்தக் கேள்வியை எழுதிவிட்டு மூடி வைக்கிறேன்.

நவம்பர் 14, வெள்ளி

இன்று மைதானத்துக்கான பெரிய கொடி. பட்டறைத் தரை முழுக்க வெள்ளை விரிப்பு விரித்து, அதன் மேல் துணியைப் பரப்பி, எல்லோரும் காலைக் கழுவிக்கொண்டு சுற்றி உட்கார்ந்தோம். நானும் பட்டன் அக்காவும் ஒரு ஓரத்தில். தைத்துக்கொண்டே கேட்டாள்: "உங்க தம்பிக்கு முட்டி வலி தேவலையா டீச்சர்?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதானே சொன்னீங்க."

"உங்ககிட்டயா?"

அவள் ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். அவருக்குக் காலையில் இரண்டு கையும் துணியில் இருக்குமாம். ஃபோனை நூல்கண்டில் சாய்த்து வைத்து ஸ்பீக்கரில் போட்டுவிடுவாராம். பட்டறைச் சத்தத்துக்குக் கேட்க வேண்டுமே என்று முழுச் சத்தத்தில்.

"தெனமும் காலைல உங்க பாடத்தைக் கேட்டுட்டுதான் நாங்க மிஷினையே ஓட்டுவோம். அந்த அடுப்புத் தண்ணி உதாரணத்தை நீங்க மூணு தடவை சொல்லியிருக்கீங்க."

தரையில் விரித்த கொடிக்குள் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. நான் என்னென்ன சொல்லியிருக்கிறேன்! தம்பியின் மூட்டுவலி, என் பல்வலி, அதெல்லாம் போகட்டும். ஒரு நாள் — வேண்டாம், எழுதிவிடுகிறேன் — ஒரு நாள், "உங்க குரலைக் கேட்டாத்தான் எனக்குப் பொழுதே விடியுது" என்று சொன்னேன்.

"அதையும் கேட்டீங்களா?" என்றேன்.

"அன்னிக்கு எல்லாரும் மிஷினை நிறுத்திட்டோம் டீச்சர். ஐயா என்ன சொல்லப் போறாருன்னு பாத்தா, 'ம்'னு ஒத்தை வார்த்தை சொல்லிட்டுக் கத்தரிக்கோலைத் தேட ஆரம்பிச்சுட்டார். எங்களுக்கே கோவம் வந்துச்சு. கத்தரிக்கோல் கையிலயே இருக்கு!"

எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேலே வந்து கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான் உறைத்தது. பட்டறை முழுக்கக் கேட்டிருக்கிறது என்றால் மகனும் கேட்டிருக்கிறான். அவனுக்குத் தெரியும். முதலிலிருந்தே தெரியும்.

நவம்பர் 15, சனி

பெரிய கொடியை ஏற்றிக்கொண்டு மகன் மைதானத்துக்குப் போனான். "வரீங்களா டீச்சர், ஊரைப் பாக்கலாம்" என்றான். போனேன். சாலையெல்லாம் தடுப்பு, வெள்ளைக் கையுறை போட்ட சிறுமிகள் ஒரே நேரத்தில் கால் தூக்கி நடந்து பழகுகிறார்கள். வண்டி நகரவில்லை. அவனே பேச்சை எடுத்தான்.

"ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே? கொடி மாசத்துல பேசக் கூடாது, இருந்தாலும் நம்ம இப்ப வீட்டுல இல்ல, ரோட்டுலதானே இருக்கோம்."

"கேளுங்க."

"எங்களால உங்களுக்கு ஏதாவது சங்கடமா? அப்பாகிட்ட நானும் இவளும் பேசி வருஷம் ஒண்ணு ஆகப் போகுது. கூட்டிட்டு வந்துடுங்கப்பா, எங்களுக்கு முழுச் சம்மதம்னு சொன்னோம். டீச்சர்தான் தயங்குறாங்கன்னு அப்பா சொல்லிட்டே இருக்கார். அதான், எங்க பக்கம் ஏதாவது குறையோன்னு..."

முன்னால் ஒரு சிறுமி கால் தவறி எல்லோரையும் நிறுத்தினாள். மறுபடி முதலிலிருந்து.

"உங்க பக்கம் ஒரு குறையும் இல்லப்பா" என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் என்ன புரிந்துகொண்டானோ, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தான்.

நவம்பர் 16, ஞாயிறு

மகன் தயங்குகிறான் என்று என்னிடம். நான் தயங்குகிறேன் என்று மகனிடம்.

அப்போ தயங்கினது யாரு?

நவம்பர் 17, திங்கள்

கேட்கவில்லை. கேட்கலாம்தான். இரவல் வாங்கின சட்டம் மாதிரி நானும் கொடி மாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இருபதாம் தேதி போகட்டும். போகட்டும்னா? அன்னிக்கு மட்டும் என்ன மாறிடப் போகுது? எனக்கு வயசாச்சே தவிர புத்தி வந்துச்சா? தம்பி சொன்னான். அவன் சொன்னதுக்காகவே நான் கேக்கலையோ என்னவோ.

வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்பேன்: பூமியில் எல்லாம் வாழ்வது சூரியனால், அந்தச் சூரியன் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தால் நல்லதா? "நல்லது டீச்சர்" என்று எவனாவது ஒருவன் எப்போதும் கத்துவான். கடல் வற்றிவிடும், மரம் கருகிவிடும், அது அங்கே இருப்பதால்தான் நமக்கு நல்லது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பேன். இன்று அந்த உதாரணத்தை எனக்கே சொல்லிப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்துகிறது. பொருந்தி என்ன பிரயோஜனம்? வலி குறையவில்லையே.

நவம்பர் 20, வியாழன்

சுதந்திர தினம்.

காலையிலேயே மொட்டை மாடியில் கூட்டம். பட்டன் அக்கா, பட்டறைப் பெண்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். இங்கிருந்து பெரிய சாலை நன்றாகத் தெரியும். எல்லோர் கன்னத்திலும் நீலம், மஞ்சள். மருமகள் என் கன்னத்திலும் ஒரு வளையம் வரைந்துவிட்டாள். "அசையாம இருங்க அத்தை" என்றாள். இம்முறை நாக்கைக் கடிக்கவில்லை.

நாங்கள் தைத்த பெரிய கொடி நான்கு பக்கமும் ஆள் பிடிக்கச் சாலையில் வந்தபோது, பட்டன் அக்கா தன் பக்கத்துத் தையலைக் காட்டி, "அந்த ஓரம் என்னோடது, பிரிஞ்சுதுன்னா என்னைத் தூக்குல போடுங்க" என்று கத்தினாள். எல்லோரும் கை தட்டினோம். அவர் அங்கே இல்லை.

மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். நானும் இரண்டு படி கீழே போய் உட்கார்ந்தேன்.

"மகன் என்கிட்ட பேசினான்" என்றேன். "தயங்கினது நீங்கதானே?"

தலைக்கு மேல் விமானங்கள் பறந்தன. சத்தம் அடங்கட்டும் என்பது போலக் கையைக் காட்டினார். அடங்கியது. அதற்குப் பிறகும் கை இறங்கவில்லை.

"நீங்க என்னைத் திட்டுங்க டீச்சர்."

"திட்டறதுக்கு வரல. தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்."

"காலைல உங்ககிட்டப் பேசறப்போ எனக்கு வேற எதுவுமே வேணாம்னு இருக்கும். அப்போ சொன்னது ஒவ்வொண்ணும் சத்தியம். வாங்கன்னு கூப்பிட்டதும் சத்தியம். ஃபோனை வெச்சிட்டு வேலைல உக்காந்தா நாள் பூரா நல்லாப் போகும். இப்போ... நீங்க மாடில இருக்கீங்கன்னு நெனச்சாலே கை ஓட மாட்டேங்குது. எங்க உக்காரணும், என்ன பேசணும், எப்போ எழுந்து போகலாம், ஒண்ணும் தெரியல. ராத்திரி இருமக்கூட யோசனையா இருக்கு. தனியாவே இருந்து இருந்து கெட்டுப் போயிட்டேன் டீச்சர். உங்ககிட்ட எந்தக் குறையும் இல்ல."

"சொல்லியிருக்கலாமே. நான் டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி."

"சொன்னா நீங்க ஃபோனை எடுக்க மாட்டீங்களோன்னு..."

சாலையில் கூட்டம் ஆர்ப்பரித்தது. அவர் முழங்காலில் ஒரு மஞ்சள் நூல் ஒட்டியிருந்தது. எப்போதும் எடுத்துவிடத் தோன்றும். கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

பிறகு அவர் கேட்டார். நிஜமாகவே கேட்டார், குழந்தை மாதிரி: "ஊருக்குப் போனதும் பழையபடி காலைல பேசலாம் இல்லையா?"

பதில் சொல்வதற்குள் ஒரு பெண் குழந்தை குடிக்கத் தண்ணீர் கேட்டு இறங்கி வந்தது. எழுந்து போய் எடுத்துக் கொடுத்தேன். என் கன்னத்து வளையம் கலைந்து கையெல்லாம் வண்ணம். "டீச்சர், அழிஞ்சிடுச்சு" என்றது குழந்தை. ஆமாம் கண்ணு என்றேன்.

நவம்பர் 21, வெள்ளி

டிக்கெட்டை முன்னால் மாற்றிக் கொடுக்கும்படி மகனிடம் கேட்டேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை. கீழே போய் அவன் அப்பாவிடம் சத்தம் போட்டது மட்டும் கேட்டது.

நவம்பர் 22, சனி

தெருவில் கொடிகளை அவிழ்க்கிறார்கள். பட்டறையில் மிஷின்களுக்கு எண்ணெய் போட்டு உறை போட்டுவிட்டார்கள். பட்டன் அக்கா எனக்கு ஒரு தலையணை உறை தைத்து வந்தாள். "ஐயாவுக்குத் துணியை மட்டும்தான் வெட்டத் தெரியும்னு நெனச்சேன்" என்றாள். "அப்படிச் சொல்லாதீங்க, அவர் நல்லவர்" என்றேன். "நல்லவர்தான். நல்லவர் இல்லேன்னு யாரு சொன்னா?" என்று மூக்கைச் சிந்திக்கொண்டு போனாள்.

நவம்பர் 23, ஞாயிறு

விமான நிலையத்துக்கு மூவரும் வந்தார்கள். மருமகள் என் கையை விடவில்லை. "நாங்க உங்களை இன்னமும் அத்தைன்னு கூப்பிடலாமா?" என்றாள். அங்கேதான் அழுதேன். அதுவரை தாக்குப்பிடித்திருந்தேன்.

அவர், "பாத்துப் போங்க டீச்சர்" என்றார். தினமும் காலையில் ஃபோனை வைக்கும்போது சொல்கிற, "பாக்கலாம் டீச்சர்" தான் வழக்கம். இன்று அது இல்லை.

விமானம் மேலே ஏறியபோது மேகத்துக்கு மேல் வெயில். அந்தப் பாடமும் நடத்தியிருக்கிறேன். பார்க்கப் பிடிக்கவில்லை; ஜன்னலை மூடிவிட்டேன்.

நவம்பர் 24, திங்கள்

தம்பி வந்திருந்தான். ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டான். வீட்டுக்கு வந்ததும் சமையலறைக்குள் போய் எதையோ உருட்டினான். சர்க்கரை அதிகமாய், ஆறிப்போன காப்பி.

"நல்லாருக்கா?"

"நல்லாருக்குடா."

நவம்பர் 27, வியாழன்

கணக்கு டீச்சர் வந்து போனாள். அவள் அண்ணனைத் திட்டித் தீர்த்தாள். நான் அவளைச் சமாதானம் செய்தேன். நான்தான் அவளைச் சமாதானம் செய்யணும், பாருங்க.

டிசம்பர் 3, புதன்

இன்று ஏழு மணிக்கு ஃபோன். வந்த பிறகு முதல் தடவை.

எடுக்காமல் இருக்க முடியவில்லை. எடுத்தேன். பின்னால் மிஷின் சத்தம் எதுவுமே இல்லை. பட்டறையே மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது போல.

"டீச்சர்" என்றார். கொஞ்சம் விட்டு, "ஏதாவது சொல்லுங்களேன்."

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"இப்பதான் வெளிய கிளம்பிட்டிருக்கேன்" என்றேன்.

"இவ்ளோ காலைலயா? எங்க?"

"வேலை இருக்குங்க." வைத்துவிட்டேன்.

எங்கும் கிளம்பவில்லை. தலைகூட வாரியிருக்கவில்லை. ஆனால் பொய் சொன்னதாக இருக்கக் கூடாதே. தலை வாரி, புடவை மாற்றி, கதவைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்தேன். "என்ன டீச்சர், காலங்காத்தால?" என்றார் மருந்துக்கடைக்காரர். ஒரு வேலை என்றேன். அவர் கடை திறக்கும் வரை நின்று வேடிக்கை பார்த்தேன். பக்கத்துக் கடையில் ஒரு பாக்கெட் பால் வாங்கிக்கொண்டு திரும்பினேன். வீட்டில் ஏற்கெனவே பால் இருந்தது.

நாளைக்கும் ஏழு மணி வரும். பூங்கா வரை போகலாம். அது கொஞ்சம் தூரம்.